இரத்தக் கொதிப்பும் வாலிகண்டபுரமும்

திருச்சிராப்பள்ளியினின்று சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பெரம்பலூரைக் கடந்து வடக்கு நோக்கிச் சிறிது தொலைவு செல்வார்க்கு வாலிகண்டபுரம் என்னும் பழைய ஊர் எதிர்ப்படும். வாலி சிவபெருமானை வழிபட்ட தலம் என்பர் ஊரார். வாலீசுவரர் கோயிலும் அக்கதைக்குச் சான்றுபோல் நின்று விளங்குகின்றது. 1751-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் நவாபுகளின் பொருட்டு இவ்வூர்ப் பக்கத்திற் பொருததும், அண்மையிலுள்ள இரஞ்சன்குடிக் கோட்டையும் சரித்திர மாணவர் அறிந்தனவே. ஆயினும் யாம் ஈண்டு எழுதப் புகுந்தது கோயிலைப்பற்றியுமன்று, கோட்டையைப்பற்றியுமன்று. அவ்வூரில் எமக்குச் சிற்றப்பா முறையினராகிய ஒருவரைப்பற்றியும், அவரை வீழ்த்திய நோயைப்பற்றியும், அந்நோயைக் குறித்து நம் நாட்டு வைத்திய அறிஞர் எழுதி வெளியிட்டிருந்தும் நாம் படித்துப் பயன்கொள்ளாத சில கட்டுரைகளைப்பற்றியுமே எழுத எண்ணினோம்.

சிற்றப்பா உழவர். மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிட்டு, ஐம்பத்திரண்டு வயது வரையில் நோயென்று ஒருநாளும் படுத்தறியாதவர். காலில் முள் தைத்துச் சீழ் கொண்டமையால் வெளியூர் வைத்தியர் ஒருவரிடம் சென்றார். அவர் வழக்கம்போல் கையிற் பட்டை சுற்றிப் பார்த்து, 'பிரஷர்' 180-க்கு 110 இருக்கின்றதென்று கூறி, ஒரு மாதத்திற்கு மாத்திரை எழுதித் தந்தார். முள் தைத்த புண் ஆறிற்று. மாத்திரையும் இருபது நாளில் நின்றது. பொங்கல் விடுமுறையில் யாம் ஊர் சென்றிருந்தபொழுது இதனை வினவினோம். "தம்பி, கொதிப்பெல்லாம் அடங்கிப் போயிற்று. தலைசுற்றல் இல்லை, முன்போலக் கோபமும் வருவதில்லை. நன்றாயிருக்கிற உடம்புக்கு மாத்திரை எதற்கு?" என்றார். அவ்விடை எமக்கும் பொருத்தமாகவே தோன்றிற்று. பட்ட வகுப்பிற் பயிலும் யாம் ஒரு மறுமொழியும் சொல்லாமல் வந்துவிட்டோம். மாசி மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் கை தளர்ந்து வாளியோடு சாய்ந்தார். வலப்பக்கம் முழுதும் செயலற்றது, பேச்சும் போயிற்று. இப்பொழுது அவர் திண்ணையில் அமர்ந்து சாலையைப் பார்த்திருக்கின்றார். எம்மைக் கண்டால் இடக்கையைச் சிறிது உயர்த்துவார்.

இதன்பின்னரே யாம் இந்நோயைக் குறித்துப் படிக்கலானோம். படிக்குந்தோறும், சிற்றப்பா செய்த பிழையிற் பாதி அவருடையதன்று, நாம் வழங்கும் சொல்லினுடையது என்பது விளங்கலாயிற்று. 'இரத்தக் கொதிப்பு' என்கின்றோம். கொதிப்பு என்றவுடன் நம்மவர் மனத்திலே தோன்றுவது உலைநீர். உலை கொதித்தால் மூடி ஆடும், ஓசை எழும், ஆவி பறக்கும். கொள்ளியை இழுத்தால் அடங்கும். ஆதலின் கொதிப்பு உடையவன் அதனை உணர்வான் என்றும், உணர்ச்சி இல்லையேற் கொதிப்பும் இல்லையென்றும், சினமும் வெயிலுமே அதற்குக் காரணமென்றும் கற்றாரும் கல்லாரும் எண்ணிவிடுகின்றனர். உண்மையோ வேறு. இரத்தத்தின் சூடு எள்ளளவும் மாறுவதில்லை. இருதயம் சுருங்கி இரத்தத்தை உந்தும்பொழுது நாடிக்குழாய்களின் சுவரில் உண்டாகும் அழுத்தம் மேலெண். அது விரிந்து இளைப்பாறும்பொழுது எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழெண். பெரியவர்களுக்கு மேலெண் 140-க்கோ கீழெண் 90-க்கோ குறையாமல், வெவ்வேறு நாட்களில் பார்த்தபொழுதும் அவ்வாறே நிற்குமாயின் அது நோய் எனப்படும். அந்நோயுடையாருட் பெரும்பாலார்க்கு யாதோர் அறிகுறியும் இராது. நன்றாக உண்பர், உழுவர், உறங்குவர். உள்ளேயோ மூளைக்கும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் நுண்ணிய குழாய்கள் ஆண்டுதோறும் தடித்துச் சிதைந்துகொண்டே வரும்.

வாலியின் பெயர் கொண்ட ஊரிற் பிறந்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. எதிர்த்து நின்றாருடைய வலிமையிற் பாதி வாலியைச் சேரும் என்பது கதை. ஆதலின் எதிரே வந்த பகைவர் எவரையும் அவன் பொருட்படுத்தியதில்லை. அவனை வீழ்த்தியது மறைவினின்று வந்த அம்பு. காய்ச்சலும் பேதியும் எதிரே வந்து நிற்கும் பகை. அவற்றுக்கு நம் கிராமத்தார் உடனே மருந்து தேடுகின்றனர். இதுவோ மரத்தின் பின்னே நிற்பது.

மறைந்து நிற்பதனைக் காட்டும் கருவி புதியதன்று. இத்தாலிய நாட்டு வைத்தியர் ரிவா-ரோச்சி என்பார் 1896-இல் கையிற் பட்டை கட்டிக் காற்றேற்றிப் பாதரசத்தால் அழுத்தத்தை அளக்கும் முறையை வெளியிட்டார். ருஷிய நாட்டுக் கொரொட்கோவ் என்பார் 1905-இல், பட்டையின் கீழே குழாய் வைத்துக் கேட்பின் எழும் ஓசையும் அடங்கும் ஓசையும் இரண்டு எண்களையும் தரும் என்று காட்டினார். ஆயினும் அளக்கத் தெரிந்த பின்னரும் நெடுநாள் வரையில் மேல்நாட்டு வைத்தியரிற் பலர் இதனை நோயென்றே ஒப்பவில்லை. தடித்துப்போன குழாய்களின் வழியே இரத்தம் செல்வதற்கு மிகுதியான அழுத்தம் வேண்டியதே, அதனைக் குறைத்தல் தீங்கு என்று வாதித்தாரும் உளர். அன்றியும் குறைப்பதற்குத் தக்க மருந்தும் அந்நாளில் இல்லை. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் தலை வலிக்கின்றதென்று சொல்லிச் சாய்ந்தபொழுது அவர்தம் அழுத்தம் 300-க்கு 190 இருந்தது. உலகத்தின் பெரும்படைகளை நடத்தியவர்க்கு அன்று கிடையாத மருந்து, இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றது. கிடைத்தும் சிற்றப்பா இருபது நாளில் நிறுத்தினார்.

அத்தகைய மருந்துகளுள் முற்பட்ட ஒன்று நம் நாட்டுக் காட்டிலிருந்தே சென்றது என்பதனை நம் மாணவரிற் பலர் அறியார். சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர் பித்துப் பிடித்தார்க்கும் உறக்கமின்றி வருந்துவார்க்கும் நம் நாட்டில் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. 1931-இல் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும், அது பித்தைத் தணிப்பதோடு இரத்த அழுத்தத்தையும் குறைப்பதனை எழுதி வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே சலீமுஸ்ஸமான் சித்திக்கி அவ்வேரினின்று சில சத்துக்களைப் பிரித்தெடுத்தார். எனினும் உலகத்தார் கண்கள் இதன்மேற் படுதற்கு மேலும் பதினெட்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1949-ஆம் ஆண்டில் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல், இவ்வேரை ஐம்பது நோயாளிகளுக்குக் கொடுத்து, அழுத்தத்தை முறையாக அளந்து, கண்ட பயனை 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' என்னும் சஞ்சிகையில் வெளியிட்டார்.

இவ்வேரின் குணத்தை அறிந்தவர் அவருக்கு முன்னும் பலர் இருந்தனர். ஆயினும் "என் பாட்டனார் கொடுத்தார், குணமாயிற்று" என்பது ஒன்று. இத்தனை பேருக்குக் கொடுத்தேன், முன்னே இத்தனை, பின்னே இத்தனை, இத்தனை பேருக்குப் பயன்படவில்லை என்று அச்சிட்டு எவரும் சோதிக்குமாறு வெளியிடுதல் மற்றொன்று. நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று மேடைதோறும் முழங்குவோர் இவ்வேற்றுமையைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக. இந்தியாவினின்று வந்த இவ்வெழுத்துக்களால் தூண்டப்பெற்றே போஸ்டன் நகரத்து வில்கின்ஸ் என்பார் அவ்வேரைத் தருவித்துத் தம் நோயாளிகளிடம் சோதித்தார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா ஆராய்ச்சிச் சாலையார் அதன் சத்தாகிய ரிசெர்பினைத் தனியே பிரித்தெடுத்தனர். 1957-இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு அளிக்கப்பெற்றது.

நிற்க. மருந்து அழுத்தத்தைக் குறைக்கும் என்பது தெளிந்தது; குறைத்தலால் உயிர் காக்கப்படுமோ என்னும் வினா எஞ்சி நின்றது. இதற்கு ஐயமற்ற விடை 1967-இல் வந்தது. அமெரிக்கப் பழம்படைவீரர் மருத்துவசாலைகளில், ஃபிரைஸ் என்பாரின் தலைமையில், கீழெண் 115 முதல் 129 வரை இருந்த ஆடவர் 143 பேர் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூற்றார் 73 பேருக்கு ரிசெர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ரலசீன் என்னும் மூன்று மருந்துகளும், மற்றக் கூற்றார் 70 பேருக்கு மருந்தில்லா வெறும் மாத்திரையும் தரப்பட்டன. வெறும் மாத்திரை உண்டாருள் 27 பேருக்குக் கொடிய கேடுகள் நேர்ந்தன, நால்வர் இறந்தனர். மருந்துண்டாருள் கேடு நேர்ந்தது இருவருக்கே, இறந்தார் ஒருவருமிலர். இவ்வெண்களைப் படித்த அன்று யாம் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் வாளா இருந்தோம். சிற்றப்பாவின் கீழெண் 110. அவ்வாராய்ச்சியின் கீழெல்லைக்கும் அவருக்கும் இடையே இருந்தது ஐந்தே புள்ளி.

இனி நம் தமிழ்நாட்டிற்கு வருவோம். சென்னையிற் சிறுநீரக வைத்தியராய்ப் புகழ்பெற்ற எம். கே. மணி அவர்களை நம்மவரிற் சிலர் அறிந்திருக்கலாம். 1991-இல் பத்மபூஷண் விருது பெற்றவர். இந்திய தேசிய மருத்துவச் சஞ்சிகையில் 'சென்னையிலிருந்து கடிதம்' என்னும் தலைப்பில், தம் தொழிலாளரின் குற்றங்களையே அஞ்சாது எடுத்து எழுதியவர். சிறுநீரகம் முற்றுங் கெட்டார்க்கு இயந்திரத்தால் இரத்தத்தைத் தூய்மை செய்தலும் மாற்றுச் சிறுநீரகம் பொருத்துதலுமே வழி. இரண்டிற்கும் ஆகும் செலவு நம் நாட்டு ஏழை மக்களால் ஆகாது. இதனை நாள்தோறும் கண்ட அவர், கெட்ட பின் செப்பஞ் செய்வதனினும் கெடாமற் காப்பதே நமக்கு இயலும் என்று துணிந்தார். சிறுநீரகத்தைக் கெடுக்கும் காரணங்களுள் நீரிழிவும் இரத்த அழுத்தமும் முதன்மையானவை. ஆதலின் தாம் தோற்றுவித்த சிறுநீரக உதவி அறக்கட்டளையின் வாயிலாக, சென்னையை அடுத்த சிற்றூர்கள் சிலவற்றில், ஏறக்குறைய 25,000 மக்கள் நடுவே ஒரு வேலையைத் தொடங்கினார். அதன் விளைவை 2003-இலும் 2005-இலும் 'கிட்னி இன்டர்நேஷனல்' என்னும் சஞ்சிகையின் இணைப்பிதழ்களில் வெளியிட்டார்.

அவ்வேலையின் எளிமை வியக்கத்தக்கது. அப்பக்கத்துப் பெண்கள் சிலர், பள்ளிப்படிப்பு மாத்திரம் உடையவர், பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்றனர். சில வினாக்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டனர், இரத்த அழுத்தத்தை அளந்தனர், சிறுநீரைச் சோதித்தனர். சர்க்கரைக்குப் பெனடிக்ட் திரவம். புரதத்திற்குச் சல்போசலிசிலிக் அமிலம். நம் இரசாயனசாலையில் முதல் வகுப்பு மாணவரும் பெனடிக்ட் திரவத்தைச் சுடவைத்து, நீலம் செங்கல் நிறமாதல் கண்டு, கணக்குப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் பெறுகின்றனர். மதிப்பெண் வந்தவுடன் அவ்வறிவு முடிந்துவிடுகின்றது. அச்சிற்றூர்ப் பெண்களுக்கோ அஃது ஒரு மனிதனின் சிறுநீரகத்தைக் காப்பதாயிற்று. குறை கண்டவர்களை வைத்தியர் வந்து பார்த்தார். கொடுத்த மருந்துகள் யாவை? அழுத்தத்திற்கு ரிசெர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ரலசீன். 1967-ஆம் ஆண்டின் அதே மூன்று! வக்கீலின் வேர் பம்பாயினின்று போஸ்டன் சென்று, பாசெல் சென்று, மீண்டு தமிழ்நாட்டுக் குடிசைக்கு வந்து சேர்ந்தது. மிகவும் மலிவானது எதுவோ அதனை எடுத்தோம் என்றே அவர் கூறினார்.

இவ்வாறு மருந்துண்டாருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அழுத்தம் 140-க்கு 90 என்னும் எல்லைக்குக் கீழே வந்தது. செலவோ, அம்மக்கள் அனைவர்மேலும் பகுத்தால், ஆளொருவர்க்கு ஆண்டொன்றுக்கு அமெரிக்க நாணயத்தில் கால் டாலரை ஒட்டியது. அந்நாளைய நம் நாணயத்தில் இரண்டு மூன்று காப்பியின் விலை. சில ஆண்டுகள் சென்றபின் இவ்வேலை நடைபெறாத பக்கத்துச் சிற்றூர்களை அவ்வாறே ஆராய்ந்தபொழுது, அங்கே சிறுநீரகம் பழுதுற்றாரின் விகிதத்தினும், வேலை நடைபெற்ற ஊர்களின் விகிதம் பாதிக்கும் குறைவாக இருந்தது.

ரிசெர்பின் பழைய மருந்து, மனச்சோர்வை விளைப்பது, அதனைக் கொடுத்தல் தகுமோ என்று வினவுவாரும் உளர். 1950-களில் மிகுதியாகக் கொடுத்தபொழுது சோர்வு விளைந்தது மெய்யே. 1974-இல் மார்பகப் புற்றுநோயை உண்டாக்கும் என்றோர் அச்சமும் கிளம்பிற்று. பின்வந்த ஆராய்ச்சிகள் அதனை உறுதிசெய்யவில்லை. இன்று வைத்தியர் பெரும்பாலும் அம்லோடிபின், டெல்மிசார்ட்டன் முதலியவற்றையே எழுதுகின்றனர்; அவையும் இப்பொழுது மலிவே. எமக்கு மருந்தின் பெயர் பெரிதன்று. மணி அவர்களின் கட்டுரையில் எம்மைத் தைத்தது, அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு ஒருவர் வாசலுக்கு வந்தார் என்பதும், வந்தவர் மீண்டும் வந்தார் என்பதுமே. முதல் வரவில் நோய் வெளிப்படும். சிற்றப்பாவிடம் "இருபது நாள் உண்டாய், இருபத்தோராம் நாள் ஏன் உண்ணவில்லை?" என்று கேட்பதற்கு இரண்டாம் வரவு வேண்டும்.

இதன் அருமையை வேறு எண்களாலும் காணலாம். 2020-இல் தமிழ்நாட்டில் நடத்தப்பெற்ற ஆய்வில், பெரியவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 34 பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர் நூற்றுக்கு ஏழெட்டுப் பேரே. அங்கே தொண்ணூறுக்கு மேல், இங்கே ஏழெட்டு. மாநிலம் ஒன்றே, மக்களும் ஒருதன்மையரே. அரசாங்கத்தாரும் இதனை உணர்ந்தே 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். மாத்திரை வீட்டிற்கே வருகின்றது. யாம் இதனை மனமாரப் பாராட்டுகின்றோம். ஆயினும் ஒரு பெண்மணி எத்தனை வாசல் ஏறி இறங்குவார்? அவர் வரும் வேளையிற் களையெடுக்கச் சென்றிருப்பவர் எத்தனை பேர்? அவ்விடைவெளியை நிரப்புதற்குரியார் யாவர் எனின், நாமே என்பது எம் கருத்து.

நம் கலாசாலையில் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வந்து பயில்வார் பலர். தாமே காற்றேற்றி எண்ணைக் காட்டும் கருவி இன்று இரண்டாயிரம் ரூபாய் அளவிற் கிடைக்கின்றது. பழைய மாணவர் சங்கத்தார் ஒவ்வோர் ஊர்க் குழுவிற்கும் ஒன்று வாங்கித் தருவாராயின், கோடை விடுமுறையில் நம் மாணவர் தத்தம் தெருவிலுள்ள முப்பது வயது கடந்தார் அனைவரையும் அளந்துவிடலாம். "நாம் வைத்தியர் அல்லவே" என்று பின்வாங்க வேண்டா. அச்சிற்றூர்ப் பெண்களும் வைத்தியர் அல்லர். மருந்தின் பெயரை மாத்திரம் நம் வாயாற் சொல்லலாகாது. அளக்கும் முறையைப் பழகிக்கொள்ளல் வேண்டும். வெயிலில் நடந்து வந்தவரை ஐந்து நிமிஷம் உட்காரவைத்து, முதுகு சாய்த்து, கால் தரையிற் படிய, கை இருதயத்தின் மட்டத்தில் இருக்குமாறு வைத்து, பேச்சுக் கொடாமல் இருமுறை அளக்க. காப்பியோ பீடியோ முடித்து அரைமணி சென்றிருத்தல் வேண்டும். எண்களை நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதுக. மற்றொரு நாளும் 140-க்கு 90-இல் நின்றாரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு உடன் அழைத்துச் செல்க. 180-க்கு 110 என்பது போன்ற எண்ணைக் கண்டால் மற்றொரு நாளை எதிர்பாராது அன்றே அழைத்துச் செல்க. உப்பைக் குறைக்கச் சொல்லலாம். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தார் கூற்று. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் இல்லாமற் கஞ்சி இறங்காத நம் ஊரில் இஃது எளிதன்று என்பதனை அறிவோம். அளப்பதோ எளிது.

சென்ற விடுமுறையில் ஒரு கருவியை வாங்கிக்கொண்டு யாம் வாலிகண்டபுரம் சென்றோம். சிற்றப்பாவின் கையில் முதலிற் பட்டையைச் சுற்றினோம். 130-க்கு 80 காட்டிற்று. இப்பொழுது ஒருநாளும் தவறாமல் மாத்திரை உண்கின்றார்; சிற்றன்னையாரே காலையில் எடுத்து வாயிற் போட்டுத் தண்ணீர் கொடுக்கின்றார். யாம் கருவியை மடிக்கும்பொழுது ஒரு நினைவு தோன்ற, "சித்தி, உங்கள் கையையும் கொடுங்கள்" என்றோம். "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்" என்று சிரித்தார். சிற்றப்பாவை மருத்துவசாலைக்கும் வீட்டுக்குமாக எத்தனையோ முறை அழைத்துச் சென்றவர். தம் கையை ஒருவரிடமும் நீட்டியதில்லையாம். உட்காரவைத்து இருமுறை அளந்தோம். முதன்முறை 168-க்கு 102. மறுமுறை 164-க்கு 100. மூன்றாம் நாளும் அவ்வாறே இருந்தது. நான்காம் நாள் களைவேலையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றவரை வற்புறுத்திப் பேருந்தில் ஏற்றி அழைத்துச் சென்றோம். இப்பொழுது அவ்வீட்டிற்கு மாத்திரை இருவருக்கு வருகின்றது.